புத்தகத்தில் இல்லாத சமையல்காரர்

அத்தா என்று நான் கூப்பிடும் என் அப்பாவை முகத்துக்கு நேரே பொய்யர் என்று சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. முகத்துக்கு நேரே என்பது சும்மா ஒரு பேச்சுக்கு. அவர் கடல் தாண்டி ஒரு அரபு நாட்டில் இருந்தார். நான் கூத்தாநல்லூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தேன். நடுவில் ஒரு போன், அதை நிறுத்திவைக்க ஒரு எவர்சில்வர் டம்ளர். ஸ்பீக்கரைப் போட்டு போனை டம்ளருக்குள் நிறுத்தினால் குரல் கணீரென்று கேட்கும் என்பது அம்மாவின் கண்டுபிடிப்பு.

சண்டை ஒரு புத்தகத்தைப் பற்றியது. இப்போதும் என் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால், நீ என்ன படிக்கிறாய், நான் இதைப் படிக்கிறேன் என்று மாயாஜாலக் கதைகளையும் சாகசக் கதைகளையும் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. அந்த விளையாட்டை ஒரு தடவை நான் ரொம்பவும் மும்முரமாக விளையாடிவிட்டேன்.

அத்தா லீவில் வந்திருந்தபோது தஞ்சாவூரில் புத்தகக் கண்காட்சி நடந்தது. என்னை அழைத்துப் போனார். அங்கே ஒரு தடித்த நாவலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதில் இரண்டு பிரதி எடுத்தார். கடைக்காரர் பாவம், நல்லெண்ணத்தில், "சார், ரெண்டும் ஒரே புக்கு சார்" என்றார். அத்தா சிரித்துக்கொண்டே தெரியும் என்றார். படகு செய்கிறவரின் மகள் செவ்வந்தி, உலகத்துக் காற்றையெல்லாம் பிடித்து அடைத்துவைத்திருக்கும் அரக்கனைத் தேடிக் கடலில் போகிற கதை அது. முப்பது அத்தியாயம். ஒரு பிரதி எனக்கு, இன்னொன்று அவருடைய பெட்டிக்கு. நாற்பது வயது ஆம்பளைக்கு அரக்கன் கதை கேட்கிறதா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

ஒப்பந்தம் இதுதான். வாரத்துக்கு ஒரு அத்தியாயம். அவரும் அங்கே அதையே படிக்க வேண்டும், நானும் இங்கே அதையே படிக்க வேண்டும். யாரும் முன்னால் ஓடக்கூடாது. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. ஜும்மா தொழுதுவிட்டு அவர் போன் செய்வார். முதலில் அம்மாவிடம் இரண்டு நிமிடம், பிறகு என்னிடம். ஆளுக்கு மூன்று கேள்வி. தப்பாகச் சொன்னால் மறுவாரம் கூடுதலாக ஒரு கேள்வி.

முதல் ஒன்பது அத்தியாயம் வரை நாங்கள் இரண்டு பேரும் கிறுக்குப் பிடித்து அலைந்தோம். செவ்வந்தியின் படகு கவிழ்ந்த வாரம் அத்தா போனை எடுத்ததுமே, "அவ பொழச்சிருவாளாம்மா? எனக்கு வேலையே ஓடல" என்றார். பின்னால் இருந்து யாரோ சிரித்தார்கள். அவருடைய அறையில் இருந்தவர்களுக்கும் கதை தெரிந்துவிட்டிருந்தது. எனக்கு அதில் ஒரே பெருமை. நம்ம கதையை அங்கே ஒரு கூட்டமே கேட்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பத்தாவது வாரம் போன் வேறு நம்பரிலிருந்து வந்தது. அவருடைய போன் ரிப்பேர் என்றார். அம்மா, "உடம்ப பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். உள்ளே மிக்ஸி ஓட ஆரம்பித்தது. எங்கள் கதைப்பேச்சு ஆரம்பித்துவிட்டால் அவர் அந்தப் பக்கமே வரமாட்டார்.

பத்தாவது அத்தியாயத்தில் கல்லால் ஆன பறவைகள் செவ்வந்தியைத் துரத்தும். நான் அதைப் பற்றிக் கேள்வி கேட்டேன். அத்தா பறவையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கப்பல் தலைவன் எல்லாருடைய முத்திரை மோதிரத்தையும் வாங்கி வைத்துக்கொண்டான் என்றார். மோதிரம் இல்லாதவர்கள் வேறு எந்தக் கப்பலிலும் ஏற முடியாதாம். இருபத்திமூன்று பேரை ஒரு கூடத்தில் விட்டு வெளியே பூட்டிவிட்டானாம். நான் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் தேடினேன். கப்பல் தலைவனே இல்லை. செவ்வந்தி தனியாகத்தான் படகில் போகிறாள்.

"அத்தா, நீங்க எத்தனாவது படிச்சீங்க?"

"பத்துதாம்மா. நல்லா படிச்சுப் பாரு" என்றார். குரல் என்னவோ மெதுவாக வந்தது.

எனக்கு அப்போதே சுரீர் என்றது. படிக்காமல் புளுகுகிறார். எங்கள் நாலாம் வகுப்பு டீச்சர் படிக்காமல் வந்து சமாளிக்கிற பிள்ளைகளை எப்படிப் பிடிப்பார் என்று எனக்குத் தெரியும். உடனே பிடிக்க மாட்டார். பேசவிட்டு, பேசவிட்டு, எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு கடைசியில் மொத்தமாகப் பிடிப்பார். நானும் ஒரு ரூல்டு நோட்டை எடுத்து, அத்தா சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் சிவப்பு மையில் 'புத்தகத்தில் இல்லை' என்று போட்டேன். அம்மாவிடம் மூச்சுக் காட்டவில்லை. குற்றம் இன்னும் கொஞ்சம் சேரட்டும் என்று காத்திருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை குற்றம் நிறையவே சேர்ந்தது. கப்பல் தலைவன் ஓடிவிட்டானாம், காவலன் மட்டும் இருக்கிறானாம். தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு முறைதான் வருகிறதாம். அவர்களில் ஒரு சமையல்காரர் இருக்கிறாராம். பாபநாசத்துப் பக்கம்போல ஒரு வயல்காட்டு ஊரிலிருந்து வந்தவராம். அவருக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல், எழுந்து உட்கார முடியவில்லை, கஞ்சி கொடுத்தாலும் நிற்கவில்லையாம். கூடத்தின் சன்னல் வழியாகப் பார்த்தால் இரண்டு கொம்பு வைத்த பூதம் ஒன்று பகலெல்லாம் புகை விட்டுக்கொண்டு நிற்குமாம். அதற்குப் பக்கத்தில் யாரோ பாதி கட்டிவிட்டுப் போன பாலம் ஒன்று அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்குமாம். அவர் பேசப் பேசப் பின்னால் ஒரு ஆள் சிரித்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் பல குரல்கள் கேட்கும், இப்போது அந்த ஒரு குரல்தான். நான் நோட்டில் மளமளவென்று எழுதினேன்.

அந்த வாரம் நான் ஒப்பந்தத்தை மீறினேன். அத்தா முன்னால் ஓடி வேறு அத்தியாயம் எதையாவது படித்துவிட்டாரோ என்று ஒரு சின்ன சந்தேகம். இரண்டே நாளில் முப்பது அத்தியாயத்தையும் முடித்தேன். பூதம் இல்லை, பாலம் இல்லை, சமையல்காரர் இல்லவே இல்லை. நான் இவ்வளவு நேர்மையாக வாரம் ஒன்றாகப் படித்துக்கொண்டிருக்க, இந்த மனுஷர் வாய்க்கு வந்ததை அளந்துவிடுகிறார் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றாவது வெள்ளிக்கிழமைக்கு ஒரு பொறி தயார் செய்தேன்.

போன் வந்தது. அம்மா பேசிவிட்டு உள்ளே போனார். அத்தாவின் குரல் கம்மிப்போயிருந்தது. சமையல்காரர் கண்ணே திறக்கவில்லை என்று எதையோ ஆரம்பித்தார். நான் குறுக்கே விழுந்தேன்.

"அத்தா, அந்த ஒத்தக்கண்ணு கெழவி என்ன ஆனா?"

கதையில் அப்படி ஒரு கிழவியே கிடையாது.

அத்தா நிதானமாக, "அவளா? அவ நல்லா இருக்காம்மா. சமையல்காரருக்கு அவதான் மருந்து தேடிக்கிட்டிருக்கா" என்றார்.

அவ்வளவுதான், எனக்கு ஆங்காரம் தலைக்கேறிவிட்டது. "பொய்! அப்படி ஒரு கெழவியே இல்ல! நீங்க படிக்கவே இல்ல! மோதிரம் பொய், பூதம் பொய், சமையல்காரர் பொய்! நீங்க பொய்க்காரர்! இனிமே எங்கிட்ட பேசாதீங்க!" என்று டம்ளருக்குள் வாயை வைத்துக் கத்தினேன். அந்தப் பக்கம் யாரோ அதட்டுவது கேட்டது. போன் அணைந்துவிட்டது.

மிக்ஸி நின்றது. அம்மா கையில் மசாலாவோடு ஓடி வந்தார். அத்தாவைப் போய் அப்படிச் சொல்லுவியா என்று முதுகில் ஒன்று வைத்தார். மசாலா கை சட்டையில் அப்படியே பதிந்துவிட்டது. வலியைவிட அநியாயம்தான் எனக்குத் தாங்கவில்லை. நோட்டைக் கொண்டுவந்து நீட்டினேன். "நீங்களே படிங்க. யாரு பொய் சொல்றாங்கன்னு பாருங்க."

அம்மா நின்றபடியே படித்தார். முதல் பக்கத்தில் கோபமாகத்தான் இருந்தார். இரண்டாவது பக்கம் போனதும் மறுபடி முதல் பக்கத்துக்கே திரும்பினார். பிறகு கேட்டார்.

"எத்தனை பேருன்னு சொன்னாங்க?"

"இருபத்திமூணு. எழுதியிருக்கேன்ல?"

"பூட்டு உள்ளயா வெளியவா?"

"வெளில."

"காய்ச்சல் யாருக்குன்னு சொன்னாங்க? நல்லா யோசிச்சு சொல்லு. அத்தாவுக்கா, வேற ஆளுக்கா?"

"சமையல்காரருக்கு. புத்தகத்துலயே கெடையாதும்மா அந்த ஆளு!"

என் புகாரை ஒரு பெரிய மனுஷி இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. சிவப்பு மையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். அம்மா போய் அடுப்பை அணைத்தார். பாதி வெந்த சோறு பாதியிலேயே நின்றது. அவர் அப்படி ஒருநாளும் செய்ததில்லை. புர்காவை மாட்டிக்கொண்டு, என் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, கடைத்தெருவில் செருப்புக்கடை வைத்திருந்த மாமுவிடம் வேகவேகமாகப் போனார். அம்மாவின் தம்பி அவர். அத்தாவுக்குச் சரியான தண்டனை வாங்கித் தரத்தான் போகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் வரவில்லை.

டம்ளரைக் கழுவித் துடைத்து எடுத்து வைத்திருந்தேன். கோபம் எல்லாம் போய்விட்டிருந்தது. ஒன்றரை மணியிலிருந்து அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அம்மா அந்த நம்பருக்கே அடித்துப் பார்த்தார். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. சாயந்திரம் மாமு வந்து அம்மாவிடம் வாசலிலேயே நின்று கிசுகிசுவென்று பேசினார். பாலம், புகைபோக்கி என்று காதில் விழுந்தது. "அந்த ஊர்ல பாதியில நிக்கிற பாலம் ஏழெட்டு இருக்காம்க்கா. ஒவ்வொண்ணா போய்ப் பாக்குறான் அந்தப் புள்ள" என்றார். யார், எதைப் பார்க்கிறார்கள் என்று கேட்டால் உள்ளே போ என்றார்கள்.

என்னால்தான் அத்தா பேசவில்லை என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. இனிமேல் பேசாதீர்கள் என்று சொன்னது நான்தானே. சாப்பாடு இறங்கவில்லை. அம்மாவும் சாப்பிடவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே ஆளுக்காகத் தவித்துக்கொண்டிருந்தோம், ஆனால் இரண்டு பேருக்கும் காரணம் வேறு வேறு. அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் வரவில்லை. அன்று அம்மா தொழுகைப் பாயைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. நான் பேசாத போனுக்கு முன்னால் உட்கார்ந்து பதின்மூன்றாவது அத்தியாயத்தைச் சத்தமாகப் படித்தேன். படிக்காத அத்தாவுக்கு உதவியாக இருக்கும் என்று ஒரு நினைப்பு.

பதினெட்டாம் நாள் மாமு ஓடிவந்தார். செருப்புக்கடைக்காரர் வெறுங்காலோடு ஓடிவந்தார். கிடைத்துவிட்டார்கள் என்றார். அம்மா தொழுகைப் பாயை எடுத்து விரித்தார்.

நடந்தது இதுதான். எனக்கு விவரம் தெரிந்த பிறகு துண்டு துண்டாகக் கேட்டுச் சேர்த்துக்கொண்டது. அத்தா வேலை செய்த கம்பெனியை மூடிவிட்டு முதலாளி ஓடிவிட்டான். பாஸ்போர்ட்டெல்லாம் அவனிடம். ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில் இருபத்திமூன்று பேரை அடைத்து, போன்களையும் பிடுங்கிக்கொண்டு, ஒரு மேஸ்திரியைக் காவல் வைத்துவிட்டான். வெள்ளிக்கிழமை மட்டும் மேஸ்திரியின் போனில் பத்து நிமிடம் வீட்டோடு பேசலாம். அவன் பக்கத்திலேயே நிற்பான். தமிழும் தெரிந்தவன். யாராவது நிலைமையைச் சொன்னால் அன்றோடு எல்லாருக்கும் போன் கிடையாது. ஆனால் மகளிடம் மாயக்கதை பேசுகிற ஆளைப் பார்த்து அவன் சிரித்தான், விட்டுவிட்டான்.

அத்தா என்னிடம் பேசவில்லை. எனக்குப் பின்னால் அம்மா கேட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்து அம்மாவிடம் பேசினார். அம்மா மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார். மாமுவுக்குத் தெரிந்தவரின் மகன் ஒருவன் அந்த ஊரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். என் நோட்டை மாமு போனில் வரி வரியாகப் படித்துக் காட்ட, அவன் இரட்டைப் புகைபோக்கியையும் அரைகுறைப் பாலத்தையும் தேடித் தேடி, கடைசியில் நம் ஊர்க்காரர்கள் பத்துப் பேரோடு போய்ப் பூட்டை உடைத்தான்.

கிழவி விஷயத்தையும் பிற்பாடு கேட்டேன். அத்தா புத்தகத்தை முதல் மாதமே முடித்துவிட்டிருந்தார். ஒப்பந்தத்தை முதலில் மீறியவர் அவர்தான். "கெழவி இல்லன்னு எனக்குத் தெரியாதா? ரெண்டு வாரமா யாரும் வரலன்னதும் உங்கம்மா கேக்கலன்னு புரிஞ்சுபோச்சு. நீ கத்துனாதான் அவங்க அடுப்படியிலேர்ந்து வருவாங்க" என்றார். நான் கத்தியது மேஸ்திரிக்கும் கேட்டது. அதனால்தான் அதற்குப் பிறகு போன் வரவில்லை.

சமையல்காரரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஒரு மாதத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு கிடந்துவிட்டு இறந்துபோனார். இரண்டு வாரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். இரண்டு வாரம்தான் நான் நோட்டை ஒளித்து வைத்துக் குற்றம் சேர்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்லிக்கொள்கிறேன். ஆறுதலாக இல்லை.

அவர் இறந்தது அப்போது எனக்குத் தெரியாது, என்னிடம் யாரும் சொல்லவில்லை. அத்தா வருகிறார் என்று மட்டும் சொல்லித் திருச்சி விமான நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். கறுத்து, கன்னம் ஒட்டி, ஒரே ஒரு பையோடு அத்தா வெளியே வந்தார். அம்மாவும் மாமுவும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். நான் போகவில்லை. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள ஆசைதான், ஆனாலும் ஒரு கணக்கு பாக்கி இருந்தது. தள்ளி நின்றபடியே, "படிக்காம படிச்சேன்னு சொன்னீங்கள்ல?" என்றேன்.

அத்தா எனக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "தப்புதாம்மா. மன்னிச்சுக்க" என்றார்.

மன்னித்தேன். அதற்குப் பிறகுதான் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

உடனே கிளம்பவில்லை. சரக்கு வருகிற பக்கம் போய் ரொம்ப நேரம் காத்திருந்தோம். அத்தா ஏதேதோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். கடைசியில் நாலு பேர் ஒரு நீளமான மரப்பெட்டியைச் சுமந்துகொண்டு வந்து வேனில் ஏற்றினார்கள். எங்கள் தெருவில் யாருடைய அத்தா வந்தாலும் பெட்டி வரும், கயிறு கட்டி, பெயர் எழுதி. ஆனால் இவ்வளவு பெரிய பெட்டி எங்கள் தெருவுக்கே வந்ததில்லை. டிவியாகத்தான் இருக்கும், அதுவும் சுவர் அகலத்துக்கு. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் யார் யாரிடம் முதலில் சொல்வது என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன்.

வேன் முன்னால் போக, எங்கள் கார் பின்னால் போனது. வழியெல்லாம் அத்தாவின் மடியில் உட்கார்ந்து பத்தாவது அத்தியாயத்திலிருந்து நிஜக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் உம் கொட்டினார். "அந்தச் சமையல்காரரு புத்தகத்துலயே கெடையாது, நீங்களா போட்டுக்கிட்டீங்க" என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

"ஆமாம்மா, புத்தகத்துல இல்ல" என்றார்.

தஞ்சாவூர் தாண்டி வேன் எங்கள் ஊர்ப் பாதையை விட்டுவிட்டு பாபநாசம் பக்கம் திரும்பியது. வழி தப்பிப் போகிறது என்றேன். வயலுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். தெருமுனையிலேயே காரை நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தாவும் மாமுவும் இறங்கி வேனுக்குப் பின்னால் நடந்தார்கள். தூரத்தில் ஒரு வீட்டு வாசலில் பந்தல் போட்டு ஒரே கூட்டம். நம் பெட்டியை அங்கே இறக்கினார்கள். ஒரு பெண்பிள்ளை ஓடிவந்து அதன்மேல் அப்படியே விழுந்து கட்டிக்கொண்டாள். எனக்கு வந்ததே ஒரு கோபம். யாரோ ஒருத்தி நம் பெட்டியை அவ்வளவு உரிமையோடு பிடித்துக்கொள்கிறாள், அத்தா தடுக்காமல் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார்.

திரும்பி வந்து ஏறியதும் கேட்டேன்.

"நம்ம பெட்டிய ஏன் அவங்க வீட்டுக்குக் குடுத்தீங்க? நமக்கு ஒண்ணுமே இல்லியா?"

"நமக்குத்தான் நான் வந்துட்டேனேம்மா" என்றார்.

இதெல்லாம் ஒரு பதிலா என்று, கூத்தாநல்லூர் வந்து சேரும்வரை நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.